அருவியில் குளிக்கத் தடையும் ஆறாவது அத்தியாயமும்

கடந்த மாதம் எங்கள் இயற்பியல் துறையின் பழைய மாணவர் வாட்ஸாப் குழுவில் ஒரு காணொளி வந்தது. கரித்துண்டு மாதிரி ஏதோ ஒன்று காந்தத்தின் மேல் ஒரு ஓரத்தை மட்டும் தூக்கிக்கொண்டு, எழுந்திருக்கவா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. குளிரூட்டத் தேவையே இல்லாத மீக்கடத்தியைக் கண்டுபிடித்துவிட்டார்களாம். உலகம் மாறப்போகிறதாம். கீழே என் மாணவர்கள் வரிசையாகக் கைதட்டியிருந்தார்கள். ஒருவன் மட்டும், “சார், இது உண்மையா?” என்று என்னைக் கேட்டிருந்தான். “அளந்த ஊரில் அன்றைக்கு மழையா என்று விசாரி” என்று பதில் போட்டேன். சிரிக்கிற பொம்மைகள் ஏழெட்டு வந்தன. சாருக்கு ஓய்வு பெற்ற பிறகும் குசும்பு போகவில்லை என்று ஒரு குரல் பதிவு.

நான் குசும்பு பண்ணவில்லை. என் உத்தியோக காலம் முழுவதையும் கொடுத்து இயற்பியலில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்ட ஒன்றைச் சொன்னேன். சொன்னால் சிரிக்கிறார்கள். அதனால் இப்போது எழுதுகிறேன். எழுதினால் படிக்க மாட்டார்கள் என்பதும் தெரியும். ஆசிரியத் தொழிலில் இருந்தவனுக்கு இது பழகிய ஏற்பாடுதான்.

நான் தென்காசிக்காரன். எம்.எஸ்ஸி. முடித்து, வெளியூரில் ஒரு பெரிய ஆய்வுக்கூடத்தில் முனைவர் பட்டம் வாங்கினேன். அங்கே திரவ ஹீலியமே குழாயில் வரும். குழாயைத் திறக்க மட்டும் கற்றுக்கொண்டு, சொந்த ஊர்ப் பக்கமே வேலை வேண்டும் என்ற ஆசையில், தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் இருக்கும் ஓர் உதவிபெறும் கல்லூரியில் வந்து சேர்ந்தேன். இங்கே, அருவிக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தும், குழாயில் தண்ணீர் வந்தாலே அது செய்தி. முதல் சில வருடங்கள் குறைக்கடத்திப் படலங்கள் செய்தோம். கண்ணாடித் துண்டை ரசாயனக் கரைசலில் முக்கி எடுப்போம். மஞ்சளாக ஏதாவது படிந்தால் ஆராய்ச்சி, படியாவிட்டால் மறுநாள். பிறகு எங்கள் துறைத்தலைவர் ஒரு மாநாட்டுக்குப் போய்விட்டு வந்தார். வாசலில் போர்டு மாறியது. நாங்கள் மீக்கடத்திக்காரர்கள் ஆனோம். போன வருடம் அந்தப் போர்டையும் கழற்றிவிட்டுச் செயற்கை நுண்ணறிவு ஆய்வகம் என்று மாட்டியிருக்கிறார்கள். உள்ளே அதே நாற்காலிகள்.

மீக்கடத்தி என்றதும் பயப்பட வேண்டாம். சாதாரணக் கம்பியில் மின்சாரம் ஆலங்குளம் சாலையில் போகும் டவுன் பஸ் மாதிரி, எல்லா இடத்திலும் நின்று, ஏற்றி, இறக்கி, மூச்சு வாங்கித்தான் போகும். அந்தத் தடங்கலுக்கு மின்தடை என்று பெயர். சில பொருள்களைப் போதுமான அளவு குளிர வைத்தால் அந்தத் தடை சட்டென்று பூஜ்யமாகிவிடும். எங்கள் பொருள் இட்ரியம், பேரியம், தாமிரம் மூன்றும் சேர்ந்த ஒரு ஆக்சைடு. மூன்று பொடிகளையும் கல்வத்தில் போட்டுக் கை கடுக்க அரைத்து, உலையில் சுட்டு, மறுபடி அரைத்து, மாத்திரையாக அழுத்தி, ஆக்சிஜன் ஓட்டத்தில் மெல்ல ஆறவிட வேண்டும். நடுவில் மின்வாரியம் மனது வைக்க வேண்டும். கறுப்பாக வந்தால் நல்லது. பச்சையாக வந்தால் கல்வத்தைக் கழுவிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அளப்பது இப்படி. மாத்திரையை நான்கு ஸ்பிரிங் ஊசிகள் வரிசையாகத் தொட்டுக்கொண்டிருக்கும். ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு கம்பி. வெளிப்பக்கத்துக் கம்பிகள் இரண்டில் மின்னோட்டம் அனுப்புவோம். உட்பக்கத்துக் கம்பிகள் இரண்டுக்கும் நடுவே மின்னழுத்தம் எவ்வளவு என்று பார்ப்போம். அங்கே பூஜ்யம் வந்தால் மின்தடை பூஜ்யம் என்று அர்த்தம். இந்த வரியைத் தயவுசெய்து இன்னொரு தடவை படியுங்கள். என் உத்தியோகத்தின் மொத்த எரிச்சலும் அதற்குள் இருக்கிறது. நான்கு கம்பிகளும் ஒரு நீளமான எஃகுக் குழாய்க்குள் ஓடும். குழாயின் அடியில் மாத்திரை. அதைத் திரவ நைட்ரஜன் கேனுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினால், இறங்க இறங்கக் குளிரும். பழைய பஸ் நிலையத்துக்குப் பின்னால் மோட்டார் ஷாஃப்ட் கடைந்து கொடுக்கும் பட்டறையில் செய்த அந்தக் குழாய்க்குத் துறை முழுக்கக் ‘குச்சி’ என்றே பெயர்.

இந்த மாத்திரைக்கு ஒரே ஒரு பகை உண்டு. அது ஈரம். ஈரக்காற்று பட்டால் ஊறுகாயில் பூஞ்சை பிடிப்பது மாதிரி மேலே வெள்ளை பூக்கும். அப்புறம் பச்சை. அப்புறம் பொடி. இப்படிப்பட்ட பொருளை வருடக்கணக்கில் ஆராய்வதற்கு நாங்கள் தேர்ந்தெடுத்த இடம் குற்றால மலையடிவாரம். வெளியூர்க்காரர்கள் சாரல் என்றதும் கண்ணை மூடிக்கொண்டு பரவசப்படுகிறார்கள். மழை என்றால் பெய்து தொலைத்துவிட்டுப் போய்விடும். சாரல் வீட்டுக்குள் வந்து உட்காரும். துவைத்த சட்டை காயாது, அப்பளம் நமத்துப்போகும், தீக்குச்சி உரசினால் மருந்து மட்டும் உதிரும். அந்த மாதங்களில் எங்கள் மாத்திரைகளைக் காப்பாற்றுவது, பனிக்கட்டியை மடியில் கட்டிக்கொண்டு திருநெல்வேலிக்கு நடப்பது மாதிரி.

திரவ நைட்ரஜனுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். கால்நடை மருத்துவமனைக்கு. சினை ஊசிக்கான காளை விந்தை உறைய வைத்துப் பாதுகாக்க அங்கே எப்போதும் இருக்கும். முறைப்படி அனுமதி வாங்கிவிட்டு, கேனை ஸ்கூட்டரில் கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு போவேன். அங்கே கேனுக்குப் பொறுப்பு சுடலைமுத்து அண்ணாச்சி. என்னைக் கண்டாலே அவருக்கு உற்சாகம்.

“வாங்க சார். இன்னைக்கும் மாடு கொண்டாரலையா?”

“விளையாடாதீய அண்ணாச்சி. கொஞ்சம் போதும்.”

“நீங்க கொஞ்சம் கொஞ்சம்னு கொண்டு போயிருதீய. இங்கன நாலு பசு சும்மா திரும்பிப் போகுது. ஒண்ணு கேக்கேன், கோவிக்கப்படாது. இத்தனை வருசமா கொண்டு போறீயளே, அங்கன ஏதாவது பிறந்திருக்கா?”

எந்த ஆய்வுக் குழுவும் எங்கள் துறையை இவ்வளவு சுருக்கமாக மதிப்பிட்டதில்லை.

துறைத்தலைவர் டாக்டர் குமரகுருசாமியை நான் மோசமானவர் என்று சொல்ல மாட்டேன். யாரையும் குரல் உயர்த்தித் திட்டியதில்லை. மாணவர்களின் கல்யாணத்துக்கெல்லாம் போவார். ஆராய்ச்சியில்தான் அவருக்கு ஒரு வழக்கம். எண் கேட்கவே மாட்டார். “எப்படி வந்திருக்கு?” என்பார், அடுப்படியில் எட்டிப் பார்த்துக் கேட்பது மாதிரி. வரைபடத்தைக் கொடுத்தால் கையை முழுக்க நீட்டிப் பிடித்து, தலையைச் சாய்த்து, பெண் தேடுகிற மாப்பிள்ளை போட்டோவைப் பார்ப்பது போலப் பார்ப்பார். கோடு வழவழவென்று இறங்கியிருந்தால் “லட்சணமா இருக்கு வே” என்பார். மேடு பள்ளமாக இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவார். மேடு பள்ளம் எதனால் என்பது அவருக்குத் தேவைப்பட்டதில்லை. ஆயுத பூஜை அன்று உலைக்கு வைத்த கையோடு மின்னழுத்தமானிக்கும் சந்தனம் வைத்தார். கடைசி இலக்கம் அன்று முதல் தெரியாது. “கடைசி இலக்கத்துல என்ன வே இருக்கு?” என்றார்.

அவருக்கு இன்னொரு சட்டமும் உண்டு. நல்ல வரைபடம் கொடுத்த மாத்திரையை அப்புறம் யாரும் தொடக் கூடாது. கண் பட்டுவிடுமாம். குச்சியிலிருந்து கழற்றக்கூட விடமாட்டார். குச்சியோடு தூக்கித் தன் அறை இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார். சாவி அவருடைய பூணூலில் கிடக்கிறதோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு. வேறு எங்கும் அதை நான் பார்த்ததில்லை. இதனால் எங்களுக்குக் குச்சிப் பஞ்சம் வரும். புதுக் குச்சி செய்யப் பட்டறைக்குப் போனால், “பழசை என்ன சார் செஞ்சிய?” என்று அவர்கள் கேட்பார்கள்.

இந்த ஏற்பாட்டுக்குள் ஆராய்ச்சி மாணவியாக வந்து சேர்ந்தாள் இசக்கியம்மாள். கடையத்தில் வாக்கப்பட்டவள். கணவர் ராணுவத்தில். மாமனார் ஓய்வு பெற்ற ஏட்டையா. பெயருக்கு அவளுக்கு வழிகாட்டி துறைத்தலைவர். உடன் வேலை பார்த்தது நான். நாங்கள் வருடக்கணக்கில் புலம்பிக்கொண்டிருந்த சாரலையே அவள் ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொண்டாள். மாத்திரைக்குள் கொஞ்சம் வெள்ளியைக் கலந்தாள். மேலே மெல்லிய ஒரு பூச்சு பூசி, ஊசி தொடுகிற நான்கு இடங்களை மட்டும் சட்டையில் பொத்தான் துளை விடுவது மாதிரி விட்டாள். பிறகு மாத்திரைகளைச் சாரலடிக்கிற பக்கத்து ஜன்னல் கம்பியில் வரிசையாகக் கட்டித் தொங்கவிட்டு, எது எவ்வளவு தாங்குகிறது என்று பார்த்தாள். மற்றவர்கள் மோர்மிளகாயைக் காயப்போடுவார்கள். இவள் மாத்திரையை நனையப்போட்டாள். பூசாதவை வெளுத்து உதிர்ந்தன. பூசியவை கறுப்பாகவே தொங்கின.

துறைத்தலைவருக்கு இதில் சுவாரசியம் இல்லை. அதற்கு மழைக்கோட்டு ஆராய்ச்சி என்று பெயர் வைத்தார். ஒவ்வொரு மாதமும் அவள் அட்டவணையைக் கொண்டுபோய் நீட்டுவாள். “வை மா, பாக்கேன்” என்பார். மேசையில் வைத்துவிட்டு வருவாள். அதன் மேல் அடுத்த மாதத்தது உட்காரும்.

ஒரு ஆடி மாத மத்தியானம். வெளியே சாரல். அப்படிப் பூச்சுப் போட்ட ஒரு மாத்திரையைக் குச்சியில் மாட்டி இறக்கிக்கொண்டிருந்தவள் என்னைக் கூப்பிட்டாள்.

“சார், இங்கன வாங்க. இது என்ன கூத்துன்னு பாருங்க.”

குச்சி கேனின் கழுத்தில்தான் இருந்தது. மைனஸ் நாற்பது டிகிரி. எங்கள் பொருளுக்கு அது சித்திரை வெயில் மாதிரி. இன்னும் நூறு டிகிரிக்கு மேல் குளிர வேண்டும். ஆனால் மின்னழுத்தம் பூஜ்யம். தூக்கினோம், எண் திரும்ப வந்தது. இறக்கினோம், அதே இடத்தில் பூஜ்யம். மறுபடியும் தூக்கி இறக்கினோம். மறுபடியும் பூஜ்யம். உலகத்தில் எந்த ஆய்வுக்கூடத்திலும் வராத ஒன்று, கடைசி இலக்கம் தெரியாத எங்கள் கருவியில் வந்துகொண்டிருந்தது.

“கம்பி ரெண்டும் தொடுதுன்னு நினைக்கேன் சார்” என்றாள் இசக்கி.

நானும் அதையேதான் நினைத்தேன். குச்சிக்குள் ஓடுவது மெல்லிய பூச்சுப் போட்ட தாமிரக் கம்பி. வருடக்கணக்கில் ஈரம் குடித்து அந்தப் பூச்சு உரிந்திருந்தால், குளிரில் சுருங்கும்போது உள் கம்பிகள் இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும். தொட்டுக்கொண்டால் இரண்டுக்கும் நடுவே மின்னழுத்தம் இருக்காது. மாத்திரை என்ன பாடு பட்டாலும் கருவி பூஜ்யம்தான் காட்டும். குச்சியைப் பிரித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பிரிப்பதற்குள் துறைத்தலைவர் வந்துவிட்டார்.

“எப்படி வந்திருக்கு?”

வரைபடத்தைப் பார்த்தார். கையை நீட்டினார். தலையைச் சாய்த்தார். கண் கலங்கிவிட்டது.

“லட்சணமா இருக்கு வே வேலாயுதம்! எந்த நாட்டுக்காரனுக்கும் வரலைய்யா இது!”

“சார், கம்பியை ஒரு தடவை பாத்துக்கிடுதேன். தொட்டுக்கிட்டு இருக்கலாம்.”

“மூணு தடவை ஒண்ணு போல வந்துச்சுல்லா? தப்பா இருந்தா ஒரு தடவை வரும். மூணு தடவையா வரும்?”

தப்புதான் ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வரும் என்பதை, அத்தனை வருடம் குடும்பம் நடத்தியவருக்கு நான் எப்படிச் சொல்வது? சொல்லிப் பார்த்தேன். அதற்குள் குச்சி, மாத்திரையோடு அலமாரிக்குள் போய்விட்டது.

அன்றிலிருந்து ஆறாவது அத்தியாயம் என்ற தலைவலி தொடங்கியது. இசக்கியின் ஆய்வேட்டில் ஐந்து அத்தியாயங்கள் முடிந்திருந்தன. மழைக்கோட்டு விவகாரம் ஐந்தாவது. இந்த அதிசயத்தை ஆறாவதாகச் சேர்த்தால்தான் கையெழுத்து என்றார் துறைத்தலைவர். கம்பியைப் பார்க்காமல் எழுத மாட்டேன் என்றாள் இவள். அவர் கோபப்படவில்லை. “எழுதிட்டு வா மா” என்று அன்பாகச் சொல்லி அனுப்பினார். அடுத்த மாதமும் அன்பாகச் சொன்னார். நான் போய்ச் சண்டை போட்டால் எனக்குக் காப்பி வாங்கித் தந்தார். திட்டுகிற ஆளை எதிர்த்து நிற்கலாம். காப்பி வாங்கித் தருகிறவரை என்ன செய்ய?

நாளாக ஆக நெருக்கடி கூடியது. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க அவளுக்குக் கிடைத்த கடைசி நீட்டிப்பும் முடியப் போகிறது. வீரகேரளம்புதூர்ப் பக்கம் ஒரு மகளிர் கல்லூரியில் நிரந்தர வேலைக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். பட்டம் கைக்கு வந்தால்தான் சேர்த்துக்கொள்வார்கள். வராவிட்டால் அடுத்த ஆள் காத்திருக்கிறார். நிரந்தர வேலை என்பது இனி ஒருமுறை அவள் வாசலுக்கு வரப்போவதில்லை. ஒருநாள் மாமனார் ஏட்டையாவே கல்லூரிக்கு வந்து மருமகளுக்கு எடுத்துச் சொன்னார்.

“எம்மா, அந்தப் பெரியவர் கேக்க ஒரு பாடத்தை எழுதிக் குடுத்துட்டு வந்துரு. ஸ்டேஷன்ல நாங்க எழுதாததா?”

எழுதினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதினாள் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள். கடைசி வரியாக, “இந்த அளவீட்டில் பயன்பட்ட கம்பிகள் இதுவரை சோதிக்கப்படவில்லை” என்று தானாக ஒன்றைச் சேர்த்தாள். துறைத்தலைவர் படத்தை மட்டும் பார்த்தார். வரி தப்பித்தது.

இனி எங்கள் பக்கத்துச் சம்பிரதாயம் ஒன்றைச் சொல்ல வேண்டும். முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியர் தேர்வாளராக வர வேண்டும். எங்கள் துறையில் அது மாசியிலோ பங்குனியிலோ நடந்ததாகச் சரித்திரம் இல்லை. எந்த ஊர்த் தேர்வாளரும் முதலில் தொலைபேசியில் கேட்பது, “தண்ணி விழுதா?” என்றுதான். விழுகிறது என்றால் தேதி கொடுப்பார்கள். காலையில் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துப் பேரருவியில் குளியல், பிறகு கல்லூரியில் இரண்டு கேள்வி, வாழ்த்துகள், மத்தியானம் புளியரைப் பக்கம் பரோட்டாவும் கோழியும், சாயங்காலம் ஐந்தருவி, ஒரு பை மங்குஸ்தான், ரயில். ஆய்வேட்டைப் பற்றி முன்கூட்டியே பாராட்டி அறிக்கை அனுப்பியிருப்பார்கள். அதைப் பிரித்ததற்கான தடயம் அறிக்கையில் இருக்காது. வருடக்கணக்கில் இப்படித்தான் நடந்தது, யாருக்கும் சேதமில்லை. ஆறாவது அத்தியாயமும் இப்படியே எண்ணெயோடு வழுக்கிக்கொண்டு போய்விடும் என்று துறைத்தலைவர் நம்பினார். உண்மையைச் சொன்னால் நானும் அதைத்தான் வேண்டிக்கொண்டேன்.

இசக்கியின் தேர்வாளர் கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பேராசிரியர். தேர்வுக்கு முந்தின நாளே வந்துவிட்டார், தேங்காயெண்ணெய் பாட்டிலும் பெரிய துண்டுமாக. அன்றைக்கென்று மலை மேல் கனமழை. பேரருவியில் பாதுகாப்பு வளைவையும் மூடிக்கொண்டு செம்மண் நிறத்தில் தண்ணீர் கொட்டியது. போலீஸ் கயிறு கட்டிவிட்டது. ஐந்தருவிக்குப் போனார், அங்கேயும் கயிறு. பழைய குற்றாலத்துக்குப் போனார், அங்கே சாலையிலேயே நிறுத்திவிட்டார்கள். எண்ணெய் தேய்த்த உடம்போடு விடுதிக்குத் திரும்பி வாளித் தண்ணீரில் குளித்தார். டி.வி. வரவில்லை. அறையில் படிக்க எங்கள் ஆய்வேடு ஒன்றுதான் இருந்தது. துறையின் வரலாற்றில் முதல் முறையாக ஒரு தேர்வாளர் ஆய்வேட்டை அட்டையிலிருந்து அட்டைவரை படித்துவிட்டார்.

மறுநாள் அரங்கில் ஏட்டையா முன்வரிசையில், மடியில் ஜாங்கிரி டப்பாக்களோடு உட்கார்ந்திருந்தார். இசக்கி பேசி முடித்தாள். தேர்வாளர் கண்ணாடியை மாட்டினார்.

“ஏனுங்கம்மா, ஆறாவது அத்தியாயம், கடைசி வரி. கம்பிகள் சோதிக்கப்படவில்லைங்கறீங்க. ஏன் சோதிக்கல?”

துறைத்தலைவருக்கு அப்படி ஒரு வரி இருப்பதே அப்போதுதான் தெரியும். மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தார்.

“குச்சி அலமாரியில இருக்கு சார்” என்றாள் இசக்கி.

“அலமாரியத் தொறந்தா ஆச்சுங்களே?”

“தொறக்கலாம்” என்றார் துறைத்தலைவர். “நைட்ரஜன் இல்லை. இன்னொரு நாள் சாவகாசமா…”

“எனக்கு ஒண்ணும் அவசரமில்லீங்க. அருவி மூடித்தானே கெடக்குது?”

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மழையில் போனேன். சுடலைமுத்து அண்ணாச்சி என் கோலத்தைப் பார்த்ததும் கேலியை ஆரம்பித்தார்.

“அப்படி என்ன ஆராய்ச்சி சார், இந்த மழையில?”

“பரீட்சை அண்ணாச்சி. ஒரு பிள்ளைக்கு வேலையே இதுலதான் இருக்கு.”

“அதை முதல்ல சொல்லப்படாதா?” என்றவர், விளிம்புவரை ஊற்றிக் கொடுத்தார். “பிறந்தா சொல்லி விடுங்க.”

நான் திரும்பியபோது அரங்கமே ஆய்வகத்துக்கு இடம் மாறியிருந்தது. துறைத்தலைவர் தன் கையாலேயே குச்சியைக் கொண்டுவந்தார். ஆரத்தி எடுக்காத குறை. இசக்கி இறக்கினாள். எண் குறைந்துகொண்டே வந்தது. மைனஸ் நாற்பதில், சொல்லி வைத்தது மாதிரி, பூஜ்யம்.

“நான் சொன்னம்லா!” என்றார் துறைத்தலைவர்.

“அட!” என்று தேர்வாளர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

ஏட்டையா கை தட்டினார். “பாஸா?”

எனக்கே ஒரு நொடி ஆசை வந்தது. ஒருவேளை உண்மையாகவே இருந்துவிட்டால்? மனுஷ புத்தி. இசக்கியைப் பார்த்தேன். அவள் வாயைத் திறக்காமல் நின்றால் போதும். பட்டம், வேலை, பத்திரிகையில் போட்டோ, எல்லாம் அந்த மத்தியானமே கைக்கு வந்துவிடும். தப்பு பின்னால் வெளியே தெரிந்தாலும், எல்லோர் முன்னாலும்தான் அளந்தோம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

“ஒரு பென்சில் குடுங்க சார்” என்றாள் என்னிடம்.

கொடுத்தேன். கத்தியால் மரத்தைப் பிளந்து உள்ளே இருந்த கரிக்குச்சியை உருவினாள். அளக்கிற குச்சியைக் கேனிலிருந்து தூக்கி, விளக்குச் சூட்டில் காயவைத்து, ஊசிகளை நெம்பி மாத்திரையைக் கழற்றினாள்.

“ஏட்டி, தொடாத! நல்லா வந்ததைத் தொடாத!” துறைத்தலைவர் குரலை உயர்த்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

கழற்றிய மாத்திரையைத் தேர்வாளரின் உள்ளங்கையில் வைத்தாள். “இதை வச்சுக்கிடுங்க சார்.” அது இருந்த இடத்தில் பென்சில் கரியைச் செருகினாள். இறக்கினாள். மைனஸ் நாற்பது. பூஜ்யம்.

உலகின் முதல் மீக்கடத்திப் பென்சில் தென்காசியில் பிறந்தது. துறைத்தலைவர்தான் முதலில் சுதாரித்தார்.

“பென்சில்லயும் வருதுன்னா, கரியில இதுவரைக்கும் யாரும் பாக்கலைல்லா? இது தனியா ஒரு பேப்பர் வே.”

நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். ஏட்டையா என் தோளைத் தட்டி, “அப்பம் பெயிலா சார்?” என்று காதில் கேட்டார்.

தேர்வாளர் இசக்கியிடம் மெதுவாகக் கேட்டார். “கம்பி தொடுதுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமுங்களா?”

“சந்தேகம் இருந்துச்சு சார்.”

“அப்புறம் எதுக்கு இத ஏட்டுல வெச்சீங்க?”

“வைக்காட்டா ஏடு வெளியே வராது சார்.”

அவரும் பத்துப் பேருக்கு வழிகாட்டியாக இருந்தவர்தான். அதற்கு மேல் கேட்கவில்லை. கையை மூடித் திறந்தார். உள்ளங்கையில் மாத்திரை கிடந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் மாறியது.

“இது எப்பச் செஞ்சதுங்க?”

“போன ஆடி சார்.”

“ஒரு வருஷமா எங்க இருந்துது? ஈரம் புகாத ஜாடியிலீங்களா?”

“இல்ல சார். அந்த அலமாரியில. அதுக்குள்ள போட்டா சட்டையே பூத்துரும்.”

“அப்ப எப்படிங்க இன்னும் கருப்பாவே இருக்குது?”

“அதுதான் சார் அஞ்சாவது அத்தியாயம்.”

தேர்வாளர் பெரியதாக மூச்சு விட்டார். நைட்ரஜனைக் கிண்ணத்தில் ஊற்றச் சொன்னார். மாத்திரையை அதில் போட்டு, கொதிப்பு அடங்கியதும், மேலே ஒரு சின்னக் காந்தத்தை விட்டார். காந்தம் மாத்திரையைத் தொடாமல் அந்தரத்தில் நின்றது. விரலால் சுண்டினார்; நின்ற இடத்திலேயே சுற்றியது. மீக்கடத்தி காந்தத்தை அப்படித்தான் தள்ளி நிறுத்தும்; அதைக் காட்டக் கம்பி தேவையில்லை, கருவி தேவையில்லை, கடைசி இலக்கமும் தேவையில்லை. ஒரு வருடச் சாரலை எங்கள் துறைத்தலைவரின் அலமாரிக்குள் தாங்கிவிட்டு, மாத்திரை மீக்கடத்தியாகவே இருந்தது.

தீர்ப்பு எளிமையானது. ஆறாவது அத்தியாயத்தை எடுத்துவிட வேண்டும். ஐந்தோடு நிறுத்திப் புதிதாகக் கட்ட வேண்டும். திருத்தம் சரி என்று வழிகாட்டி கையெழுத்திட்டால் பட்டம். ஏட்டையா எனக்கு இரண்டு ஜாங்கிரி கொடுத்தார்.

வழிகாட்டி கையெழுத்திட்டால் என்ற அந்த இடத்தில்தான் சிக்கல். ஆறாவது அத்தியாயம் இல்லாத ஏட்டில் அவர் கையெழுத்துப் போடுவாரா? மகளிர் கல்லூரி கொடுத்திருந்த கெடுவும் அந்த வாரத்தோடு சரி. மறுநாளே புதுக்கட்டு ஏட்டோடு அவர் அறைக்குப் போனோம். மனிதர் ஒரே நாளில் இளைத்திருந்தார். எங்களை உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. ஏட்டை வாங்கி, வழக்கம்போலக் கடைசிப் பக்கமாகப் பிரித்தார். படம் இருந்த இடத்தில் படம் இல்லை. இன்னொரு தடவை புரட்டினார். அங்கே ஐந்தாவது அத்தியாயம்தான் இருந்தது. வேறு வழியில்லாமல் அதைப் படிக்க ஆரம்பித்தார்.

ஒரு பக்கம் படித்தார். திருப்பினார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். ஜன்னல் கம்பியில் தொங்கிய மாத்திரைகளின் அட்டவணை வந்த இடத்தில் விரலை வைத்து, ஒவ்வொரு எண்ணாகக் கீழே வந்தார். எண் படிக்கிற குமரகுருசாமியை நான் முதன்முதலாகப் பார்த்தேன். நாங்கள் நின்றுகொண்டே இருந்தோம். கடைசியில் நிமிர்ந்து, உண்மையான வருத்தத்தோடு கேட்டார்.

“ஏம்மா, இவ்வளவு வேலை செஞ்சிருக்கே. இதை எங்கிட்ட நீ காட்டவே இல்லையே?”

வாயைத் திறக்கப் போனேன். இசக்கி என்னைப் பார்த்த பார்வையில் அது மூடிக்கொண்டது. அவள் தன் பேனாவின் மூடியைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள். பக்கத்தைத் திருப்பி, வழிகாட்டியின் பெயருக்கு மேலே இருந்த காலி இடத்தில் விரலை வைத்தாள்.

“இங்கன சார்” என்றாள்.